எடை நகராமல் நின்றுவிட்டால்: இரண்டாம் வகை நீரிழிவில் இடைவிட்ட விரதத்தைச் சரிசெய்யும் வரிசை

நாளில் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டு, மற்ற நேரம் உண்ணாதிருக்கும் இடைவிட்ட விரதம் தொடங்கிய முதல் சில மாதங்களில் மளமளவென்று இறங்கிய எடை ஒரு கட்டத்தில் அசையாமல் நின்றுவிட்டால், பெரும்பாலானவர்கள் உடனே விரத நேரத்தை நீட்டுகிறார்கள். 16 மணி நேரம் 18 ஆகிறது, 18 என்பது 20 ஆகிறது, அதன்பின் நாளுக்கு ஒரே வேளை உணவு என்று முடிகிறது. நீரிழிவு இல்லாதவருக்கு அது கூடுதல் பசியோடு போய்விடலாம். இரண்டாம் வகை நீரிழிவுக்காக மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவருக்கு அது ஆபத்தில் கொண்டுபோய் விடக்கூடும். பெரும்பாலும் தேக்கமும் அதனால் உடைவதில்லை.

நானும் அந்தத் தவற்றைச் செய்தவன்தான். 4 மாதங்களில் 9 கிலோ குறைந்து, பிறகு 7 வாரங்கள் ஒரே எண்ணில் நின்றபோது விரதத்தை 20 மணி நேரமாக நீட்டினேன். எடை இறங்கவில்லை, காலைச் சர்க்கரைதான் ஏறியது. பின்னர் இதைத் தொடங்கிய வேறு சிலரும் அதே இடத்தில் இடறுவதைப் பார்த்து, எதை முதலில் சோதிப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று ஒரு வரிசையை வகுத்துக்கொண்டேன். மருந்து, அளவீடு, தட்டு, தசை, அதன்பின் கடிகாரம் என்பதே அந்த வரிசை. நான் மருத்துவர் அல்லன். மருந்தின் அளவை மாற்றுவது எந்தப் படியிலும் உங்கள் மருத்துவரின் முடிவாகவே இருக்க வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், இந்த வழி யாருக்கு வேண்டாம் என்பதைப் பார்த்துவிடலாம். கருவுற்றிருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், உணவுண்ணும் பழக்கத்தில் மனநலக் கோளாறு ஏற்பட்டு மீண்டவர்கள், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்த அனுபவம் உள்ளவர்கள், சிறுநீரகம் வெகுவாகப் பாதிக்கப்பட்டவர்கள், உடல் தளர்ந்த முதியோர் ஆகியோர் தாமாக இதில் இறங்கக் கூடாது. எடை குறைக்க வேறு வழிகள் இருப்பதால் இதை விடுவதில் இழப்பு ஒன்றுமில்லை.

மற்றவர்களுக்குத் தேவைப்படும் பொருள்கள் குறைவு: குளுக்கோமீட்டர், போதிய பரிசோதனைப் பட்டைகள், எடை பார்க்கும் கருவி, சமையலறைத் தராசு, அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம். இவற்றோடு எப்போதும் சட்டைப்பையிலோ கைப்பையிலோ 15 கிராம் குளுக்கோஸ் இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் இருக்கும் குளுக்கோஸ் பேருந்தில் கை நடுங்கும்போது உதவாது.

மீட்டரின் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு மீட்டர்களுக்கான பன்னாட்டுத் தரநிலை, 100 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் 15 விழுக்காடு வரையும், அதற்குக் கீழே 15 மி.கி. வரையும் வேறுபாட்டை அனுமதிக்கிறது. ஆகவே நேற்று 128, இன்று 137 என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

அண்மைக்கால எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு ஆகிய பரிசோதனை முடிவுகளையும், விழித்திரைப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விழித்திரைப் பரிசோதனையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். வெகுநாள் உயர்ந்தே இருந்த சர்க்கரை திடீரென்று இறங்கும்போது, ஏற்கெனவே விழித்திரைப் பாதிப்பு உள்ள சிலருக்கு அது தற்காலிகமாக மோசமடையலாம் என்பதால்தான் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

2. மருந்துப் பட்டியலைப் படிப்பது

எடை நின்றதற்கும் மருந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு தொடர்புகள் உள்ளன. சில மருந்துகள் விரதத்தோடு சேரும்போது சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்துகின்றன. சில மருந்துகள் எடையை இறங்கவிடாமல் பிடித்து வைக்கின்றன. இந்த இரண்டையும் செய்கிற மருந்துகளும் உள்ளன.

மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படிப்பதிலிருந்து தொடங்குங்கள். தாம் மெட்ஃபார்மின் மட்டுமே எடுப்பதாக உறுதியாகச் சொன்ன ஒருவரின் அட்டையை வாங்கிப் பார்த்தபோது, அதில் மெட்ஃபார்மினோடு கிளிமெபிரைடும் சேர்ந்திருந்தது. இரண்டு மருந்துகளை ஒன்றாக்கிய மாத்திரைகள் ஏராளம் என்பதால், வணிகப் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் உள்ள வேதிப்பெயர்களை நோட்டில் எழுதுங்கள்.

முதல் தொகுதி, கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியாக்களும் இன்சுலினும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பாராமல் இவை சர்க்கரையை இறக்கும். மேலே சொன்ன அதே நண்பர், 'காலை உணவுக்கு முன்' என்று சீட்டில் எழுதியிருந்தபடி 7 மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, முதல் உணவை 12 மணிக்குத் தள்ளி வைத்திருந்தார். உணவு நகர்ந்துவிட்டது, மாத்திரை மட்டும் பழைய நேரத்திலேயே நின்றுவிட்டது. 11 மணிக்கு வியர்த்துக் கை நடுங்கியது. மீட்டர் 58 காட்டியது. விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாத்திரையின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்றியிருப்பார்.

70க்குக் கீழே இறங்கினால் விரதம் அந்த நொடியே முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, இன்னும் 70க்குக் கீழேயே இருந்தால் மீண்டும் 15 கிராம் எடுக்க வேண்டும். 54க்குக் கீழே போனால் அது கடுமையான தாழ்வு. அன்றைய தினமே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். இன்னும் ஒரு மணி நேரம்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதைவிடப் பெரிய தவறு இதில் வேறில்லை.

இரண்டாவது, டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்கள். இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. தனியாக எடுக்கும்போது தாழ்சர்க்கரையை உண்டாக்குவது அரிது. ஆனால் நீண்ட விரதம், மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவது, நீரிழப்பு ஆகியவற்றோடு சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் பெருகும் கீட்டோஅமிலத்தன்மை என்னும் அவசர நிலை வரலாம். மீட்டர் 200க்குக் கீழே காட்டும்போதே இது நிகழக்கூடும் என்பதால்தான் ஏமாந்துபோகிறார்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், இனம்புரியாத அசதி ஆகியவை இருந்தால், சர்க்கரை எண் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எடுக்கும் மாத்திரையின் பெயரை அங்கே முதலில் சொல்லுங்கள்.

மெட்ஃபார்மினும், சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவையும் தனியாக எடுக்கும்போது விரதத்தில் பெரிய தொல்லை தருவதில்லை. மெட்ஃபார்மினை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புரளும் என்பதால், உணவு நேரத்துக்கு நகர்த்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செமாகுளுடைடு, லிராகுளுடைடு போன்ற ஜிஎல்பி-1 ஊசிகள் பசியையே குறைப்பவை. அவற்றோடு விரதமும் சேர்ந்தால் புரதமும் நீரும் உடலுக்குப் போதாமல் போவதுதான் கவலை.

எடையைப் பிடித்து வைப்பவை இன்சுலின், சல்ஃபோனைல்யூரியாக்கள், பயோகிளிட்டசோன் ஆகியவை. எடை 8, 10 கிலோ குறைந்த பிறகும் பழைய அளவு இன்சுலினே தொடர்ந்தால், அது இப்போதைய உடலுக்கு அதிகமாகிவிடும். சர்க்கரை அடிக்கடி தாழும், தாழும்போதெல்லாம் சாப்பிட வேண்டிவரும், தாழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் முன்கூட்டியே கொறிப்பதும் தொடங்கும். 15 கிராம் குளுக்கோஸ் என்பது 60 கலோரிதான். ஆனால் நடுங்கும் கையோடு அலமாரியைத் திறப்பவர் 60 கலோரியோடு நிறுத்துவதில்லை. வாரத்தில் மூன்று தாழ்வு வந்தாலே அந்த வாரத்துக் கலோரிப் பற்றாக்குறையில் கணிசமான பகுதி கரைந்துவிடலாம். இத்தகைய தேக்கத்துக்குத் தீர்வு மருத்துவர் அளவைக் குறைப்பதில் இருக்கிறது. விரதத்தை நீட்டினால் தாழ்வு கூடி நிலைமை மோசமாகும்.

மருத்துவரிடம் போகும்போது 'எடை குறையவில்லை' என்று மட்டும் சொன்னால் பொதுவான அறிவுரைதான் கிடைக்கும். இத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன், கடந்த 14 நாள்களில் இத்தனை முறை 80க்குக் கீழே போயிருக்கிறது, எடை இவ்வளவு குறைந்திருக்கிறது, இந்த மருந்தின் அளவு இன்னும் சரிதானா என்று நோட்டைக் காட்டிக் கேளுங்கள். இரத்த அழுத்த மாத்திரைகளையும் அதே அமர்வில் கேட்டுவிடுங்கள். எடை இறங்கினால் அழுத்தமும் இறங்கும், எழுந்து நிற்கையில் தலைசுற்றுவது அதன் முதல் அறிகுறி.

3. இது தேக்கம்தானா என்று உறுதிசெய்வது

10 நாள் எடை இறங்கவில்லை என்றால் அது தேக்கமாகாது. உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய், முந்தைய நாளின் கடுமையான உடற்பயிற்சி ஆகிய ஒவ்வொன்றும் எடையை ஒரு கிலோவோ அதற்கு மேலோ ஆட்டிவைக்கும்.

தொடக்கத்தில் வந்த வேகமும் மனத்தை ஏமாற்றுகிறது. கல்லீரலும் தசையும் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்திருக்கிறது. விரதத்தின் முதல் வாரங்களில் அந்தச் சேமிப்பு குறைய, நீரும் வெளியேறி, ஓரிரு கிலோ சட்டென்று இறங்குகிறது. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் அதன் பிறகு வரும் எந்த வேகமும் தேக்கமாகத்தான் தெரியும்.

தினமும் காலையில் கழிவறை சென்று வந்த பிறகு, எதையும் அருந்துமுன், ஒரே மாதிரியான உடையில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பளவையும் வாரம் ஒருமுறை, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் எடுங்கள். வாரச் சராசரியும் இடுப்பளவும் சேர்ந்து 4 வாரங்கள் அசையாமல் இருந்தால் அதைத் தேக்கம் என்று கொள்ளலாம். எடை நின்று இடுப்பு இறங்கினால், கொழுப்பு குறைந்து தசை கூடியிருக்க வாய்ப்புண்டு. அப்போது எதையும் மாற்றாதீர்கள்.

4. நீரிழிவுக்கே உரிய ஒரு காரணம்

இதைப் பொதுவான எடைக்குறைப்புக் கட்டுரைகள் சொல்வதில்லை. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டும்போது சிறுநீரகங்களால் முழுவதையும் மீட்டெடுக்க முடியாமல் கொஞ்சம் சிறுநீரில் போய்விடுகிறது. கட்டுப்பாடில்லாத நீரிழிவில் நாளொன்றுக்கு 50 கிராம் சர்க்கரை இப்படிப் போனால், அது சாப்பிட்டும் உடலில் சேராத 200 கலோரி.

விரதம் தொடங்கிய பின் சர்க்கரை 220இலிருந்து 140க்கு வந்துவிட்டால் அந்தக் கசிவு அடைபடுகிறது. நீங்கள் அதே அளவுதான் சாப்பிடுகிறீர்கள், ஆனால் அந்த 200 கலோரி இப்போது உடலிலேயே தங்குகிறது. எடை நிற்பதும், சில சமயம் அரை கிலோ ஏறுவதும் இதனால்தான். எச்பிஏ1சி இறங்கிய அதே மாதத்தில் எடை நின்றதா என்று நோட்டில் பாருங்கள். அப்படியென்றால் நீங்கள் சறுக்கவில்லை, கணக்குதான் மாறியிருக்கிறது.

இதோடு, உடல் சிறுத்ததால் செலவும் குறைகிறது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி வரை உடலின் செலவு குறைவதாகவும், பசி சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுவதாகவும் எடைக்குறைப்பை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டுள்ளனர். 9 கிலோ குறைந்தவருக்குச் செலவில் மட்டும் 180 முதல் 270 கலோரி வரை வேறுபாடு வந்துவிடுகிறது. முதல் மாதத்தில் பற்றாக்குறையாக இருந்த அதே தட்டு இப்போது சரிசமமாகிவிட்டது. அடுத்த படி அதனால்தான் தட்டில் தொடங்குகிறது.

5. சாப்பிடும் நேரத்துக்குள் நடப்பதை எடைபோடுவது

ஏழு நாள்கள், சாப்பிடுகிற ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதுங்கள். இந்த ஏழு நாள்களில் எதையும் குறைக்கவோ திருத்தவோ வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் வேலை. பலர் முதல் நாளிலேயே நல்ல பிள்ளையாகிவிடுவதால் எழுதிய கணக்கு ஒன்றாகவும், வழக்கமான உணவு வேறாகவும் போய்விடுகிறது.

என் நோட்டில் நான்காம் நாள் அகப்பட்டது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி. எண்ணெய் சுமார் 120 கலோரி. ஒரு கரண்டிதான் ஊற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன்; புட்டியைச் சமையலுக்கு முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பார்த்தபோது என் பங்குக்கு நாளொன்றுக்கு மூன்று கரண்டி வந்தது. இரண்டாவது, கொட்டைகள். 30 கிராம் என்பது ஏறத்தாழ 180 கலோரி. கையால் அள்ளினால் 50 கிராம் வருகிறது. நான் அவற்றை நல்ல கொழுப்பு என்று சொல்லிக்கொண்டே தின்றுகொண்டிருந்தேன்.

விரத நேரத்துக்குள் என்ன போகிறது என்பதையும் எழுதுங்கள். தண்ணீர், பாலும் சர்க்கரையும் சேராத காபி, தேநீர் ஆகியவை பாதகமில்லை. பால் சேர்த்த காபி ஒன்றுக்கு 50 முதல் 80 கலோரி என்று வைத்தாலும், நாளில் மூன்று என்றால் அது ஒரு சிற்றுண்டி. அதோடு விரதமும் மூன்று இடங்களில் முறிந்துவிடுகிறது.

நீண்ட விரதத்துக்குப் பிறகு வரும் முதல் உணவு பெருத்துவிடுவதுதான் அடிக்கடி பார்க்கும் அடுத்த தவறு. வெறும் மாவுச்சத்தில் விரதத்தை முறித்தால் சர்க்கரை செங்குத்தாக ஏறி, சிறிது நேரத்திலேயே மீண்டும் பசிக்கும். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசிக்குத் தள்ளினால் அந்த ஏற்றம் தணிகிறது. நம்பிக்கை இல்லையென்றால் ஒரே உணவை இரு நாள் இரு வரிசையில் சாப்பிட்டு, ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் மீட்டரில் பாருங்கள். இரண்டு நாளும் சாப்பிடும் முன் இருந்த எண் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும்.

கணக்கு கைக்கு வந்தபின் நாளொன்றுக்கு 200 முதல் 300 கலோரி வரை மட்டும் குறையுங்கள். அதையும் எண்ணெய், பானம், கொறிப்பவை ஆகியவற்றிலிருந்தே எடுங்கள். காய்கறியிலும் புரதத்திலும் கை வைக்காதீர்கள். இந்த மாற்றத்துக்கு 3 வாரம் கொடுங்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல், தேவையில்லாத கட்டுப்பாட்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டிவரும்.

6. புரதமும் தசையும்

உணவுக்குப்பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். விரதத்தால் எடையோடு தசையும் கரைந்தால், எடைக் கருவி நல்ல செய்தி சொல்லும்போதே நீரிழிவுக்கு எதிரான முதல் கருவி குறைந்துகொண்டிருக்கும். 2020இல் வெளிவந்த 12 வார ஆய்வொன்றில், 16 மணி நேர விரதம் இருந்தவர்கள் இழந்த எடையில் கணிசமான பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருந்தது.

சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் என்று வைத்துக்கொள்ளலாம். 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 80 முதல் 96 கிராம். சாப்பிடும் நேரம் குறுகக் குறுக இந்த அளவை எட்டுவது கடினமாகிறது என்பதை நேரத்தை நீட்டுபவர்கள் கவனிப்பதில்லை. ஒரே வேளை உணவில் 90 கிராம் புரதத்தை நிதானமாகச் சாப்பிட்டு முடிப்பவரை நான் பார்த்ததில்லை. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அளவு கிலோவுக்கு 0.8 கிராமை ஒட்டியே இருக்கும் என்பதால், அவர்கள் மருத்துவர் சொன்ன எண்ணைத் தாண்ட வேண்டாம்.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியோ, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் போன்ற சொந்த உடல் எடைப் பயிற்சியோ செய்யுங்கள். வாரத்துக்கு 150 நிமிட நடை என்ற பொதுவான பரிந்துரையை, ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் 10 முதல் 15 நிமிடம் என்று உடைத்துக்கொண்டால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரையும் சேர்ந்தே இறங்குகிறது. முதல் தொகுதி மருந்துகளை எடுப்பவர்கள் விரதத்தின் கடைசி மணி நேரங்களில் கடும் பயிற்சியை வைத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை அப்போதுதான் மிகத் தாழ்வாக இருக்கும்.

7. கடிகாரத்தைத் தொடுவது

முந்தைய படிகள் முடிந்து, எடை இன்னும் நின்றால் மட்டுமே நேரத்துக்கு வாருங்கள். 2022இல் வெளிவந்த ஓராண்டு ஆய்வில், உடற்பருமன் உள்ள 139 பேரும் ஒரே மாதிரி கலோரியைக் குறைத்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் காலை 8 முதல் மாலை 4 மணி வரை மட்டுமே சாப்பிட்டார்கள். ஆண்டு முடிவில் இரு பிரிவினரின் எடைக்குறைப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விரதம் பயன்படுவது அதனால் நாம் குறைவாகச் சாப்பிடும்போதுதான். அது நின்றுபோன பிறகு மணி நேரத்தைக் கூட்டுவதில் என்ன கிடைத்துவிடும்?

மாற்றுவதென்றால் நீட்டுவதற்குப் பதிலாக முன்னால் நகர்த்துங்கள். பொதுவாக இன்சுலினுக்கு உடல் காலையில் நன்றாகச் செவிசாய்க்கிறது, இரவில் மந்தமாகிறது. மதியம் 1 முதல் இரவு 9 வரை சாப்பிடுபவர், அதே 8 மணி நேரத்தைக் காலை 10 முதல் மாலை 6 வரை என்று நகர்த்திப் பார்க்கலாம். ஒரே நாளில் மூன்று மணி நேரம் நகர்த்தாமல், வாரத்துக்கு ஒரு மணி நேரமாக இழுங்கள். மாத்திரை நேரமும் உடன் நகர வேண்டும் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினசரி விரதம் சலித்துவிட்டவர்களுக்கு 5:2 முறை உண்டு: அடுத்தடுத்து வராத இரண்டு நாள்களில் 500 முதல் 600 கலோரி, மற்ற ஐந்து நாள்கள் வழக்கமான உணவு. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 137 பேரிடம் ஓராண்டு நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், இதுவும் தினசரி கலோரிக் குறைப்பும் எச்பிஏ1சியை ஏறத்தாழ ஒரே அளவு குறைத்தன. ஆனால் மருந்தை முன்கூட்டியே குறைத்திருந்தும், விரத நாள்களில் தாழ்சர்க்கரை சுமார் இரு மடங்கானதை அதே ஆண்டின் இன்னோர் ஆய்வு காட்டியது. அந்த இரண்டு நாள்களுக்கும் தனி மருந்துச் சீட்டு இல்லாமல் இந்த முறைக்குப் போகாதீர்கள்.

8. காலைச் சர்க்கரையைத் தவறாகப் படிக்காமல் இருப்பது

14 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை, இரவு படுக்கும்போது 118, காலையில் 141. எங்கிருந்து வந்தது என்று குழம்பி, பயத்தில் விரதத்தை மேலும் நீட்டியவன் நான். விடியற்காலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடுகின்றன. அவற்றின் சொல்கேட்டுக் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது. இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலை) உள்ளவர்களுக்கு இதைத் தடுக்கும் பிடி தளர்ந்திருக்கும். விரதத்தை நீட்டினால் கல்லீரலின் அந்த உற்பத்தி நின்றுவிடுவதில்லை.

இரண்டு மூன்று நாள்கள் படுக்கும்போதும், அதிகாலை 3 மணிக்கும், எழுந்ததும் சோதியுங்கள். 3 மணிக்குச் சீராக இருந்து, பிறகு ஏறியிருந்தால் அது விடியற்கால ஏற்றம். 3 மணிக்கே தாழ்ந்திருந்தால் அது மருந்தின் அளவு பற்றிய செய்தி. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

9. உணவில் இல்லாத காரணங்கள்

உறக்கம் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் பசி கூடும், இன்சுலின் எதிர்ப்பும் கூடும். உரத்த குறட்டையும் பகலில் தூங்கிவழிதலும் இருந்தால் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் அது பரவலாகக் காணப்படுகிறது. தைராய்டுக் குறைபாடு, ஸ்டீராய்டு மாத்திரைகள், சில மனநல மருந்துகள் ஆகியவையும் எடையைப் பிடித்து வைக்கும்.

10. தொடர்வதா, இடைவேளை விடுவதா

3 மாதங்களுக்கு ஒருமுறை எச்பிஏ1சி பாருங்கள். அது கடந்த 8 முதல் 12 வாரங்களின் நிலையைக் காட்டுவதால் அதற்கு முன் பார்ப்பதில் பயன் குறைவு. எடை நின்றிருந்தாலும் எச்பிஏ1சி இலக்குக்குள் வந்து, மருந்தும் குறைந்திருந்தால், இன்னும் குறைத்தே ஆக வேண்டுமா என்று மருத்துவரோடு பேசுங்கள். அந்த எடையிலேயே 4 முதல் 8 வாரம் நிலைத்திருப்பதை நான் தோல்வியாகக் கொள்வதில்லை. அந்த வாரங்களில் விரதத்தை 12 மணி நேரமாகத் தளர்த்தினேன், எடை ஏறவில்லை, பிறகு தொடர்வதும் எளிதாக இருந்தது.

நீரிழிவு நோய் தணிவு நிலையை அடைய விரும்புபவர்களுக்கு எண் வேறு. பிரிட்டனில் நடந்து 2017இல் முதல் முடிவுகள் வெளியான டைரக்ட் ஆய்வில், நோய் கண்டறிந்து 6 ஆண்டுகளுக்கு உட்பட்ட, இன்சுலின் எடுக்காதவர்கள் கலந்துகொண்டனர். ஓராண்டில் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினர் மருந்தில்லாமல் தணிவு நிலைக்கு வந்தனர். அங்கே பயன்பட்டது விரதம் அன்று, மருத்துவக் கண்காணிப்பில் நாளொன்றுக்கு சுமார் 850 கலோரி மட்டும் தரும் மாற்றுணவு. மருந்தை நிறுத்தி 3 மாதமாவது ஆன பின்னும் எச்பிஏ1சி 6.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் அதைத் தணிவு என்று 2021இல் வகுத்த வரையறை சொல்கிறது. அதன் பிறகும் ஆண்டுதோறும் கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றைச் சோதித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, அறுவைச் சிகிச்சைக்கான நாள் குறித்தல், ஒரே வாரத்தில் இரண்டு முறை 70க்குக் கீழே இறங்குதல், வலது விலாவுக்குக் கீழே உணவுக்குப்பின் வரும் கடும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே விரதத்தை நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். கடைசியாகச் சொன்ன வலி, எடை வேகமாகக் குறையும்போது உருவாகும் பித்தப்பைக் கற்களால் வரலாம். நோட்டின் முதல் பக்கத்தில் இந்தப் பட்டியலையும், நீங்கள் எடுக்கும் மருந்துகளின் வேதிப்பெயர்களையும், மருத்துவரின் எண்ணையும் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் அந்த நோட்டு இருக்கும் இடத்தைக் காட்டி வையுங்கள்.